விழுந்த பல்லுக்கு ஒரு மணித்தியாலம்

அன்புள்ள மகளுக்கு,

டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் உனக்கு நியமனம் என்று கேட்டதில் பெரியப்பாவுக்கு மிகுந்த சந்தோஷம். குளவிக் கொட்டு, விஷம், நெஞ்சுவலி எல்லாம் உனக்குப் படிப்பித்திருப்பார்கள். முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்தால் என்ன செய்வதென்று அவ்வளவாகச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். பல நாடுகளில் அவசரப் பிரிவு டொக்டர்மாரிடம் நடந்த ஆய்வுகளும் இந்தக் குறையைத்தான் காட்டின. அதனால்தான் ‘இது பல் டொக்டரின் வேலை’ என்று துண்டெழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

மலைநாட்டில் அது சரிவராது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச்சேர இரண்டு மணித்தியாலமாவது பிடிக்கும். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் உயிரணுக்களோ, காயவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் செத்துவிடும். பிறகு பல்லைக் குழியில் வைத்தால், உடம்பே அந்த வேரை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பல் டொக்டர் இல்லாத இரவில் விழுந்த பல்லைத் திரும்ப வைக்கவேண்டியவள் நீதான்.

முதலில் மூச்சையும் தலைக்காயத்தையும் பார். அடுத்து, பல் எங்கே என்று கேள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் நெஞ்சை எக்ஸ்ரே எடு, மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். கிடைத்தால் வெள்ளையான மேற்பகுதியில் மட்டும் பிடி. ஸலைனால் அலசு, தேய்க்காதே. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுவரும் தாயைத் திட்டாதே. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விறைப்பு ஊசி போட்டு, குழியில் உறைந்த இரத்தத்தைக் கழுவி, பல்லை விரலால் மெதுவாக அழுத்தி இருத்து. ஏற்பு ஊசியை மறக்காதே. பாற்பல்லை மட்டும் ஒருபோதும் திரும்ப வைக்காதே, அடியில் வளரும் பல் கெட்டுவிடும். ஏழெட்டு வயதில் பாற்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும், கவனி.

நேரம் கடந்திருந்தாலும் வை. கடைசிவரை நிலைக்காமல் போகலாம். ஆனால் வளரும் பிள்ளையின் தாடை எலும்பு சில வருஷமாவது ஒடுங்காமல் நிற்கும். கொழுந்து பறிக்கும் தாய் செயற்கைப் பல்லுக்குக் காசுக்கு எங்கே போவாள்?

தோட்டத்திலிருந்து போன் வந்தால், பல்லை அங்கேயே குழியில் வைத்துக் கடித்தபடி வரச்சொல். முடியாவிட்டால் பாலில் போடட்டும். லயத்தில் மாடு வளர்ப்பவர் இருப்பார். தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. பிள்ளைக்காம்பராக்களுக்கும் பாடசாலைகளுக்கும் இதை ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வா.

மறுநாள் காலையிலேயே பல் டொக்டரிடம் அனுப்பு. இரண்டு வாரம் மெல்லிய கம்பி கட்டவேண்டும். துண்டில் பல் விழுந்த நேரம், எதில் கொண்டுவந்தார்கள், நீ வைத்த நேரம் மூன்றையும் எழுது.

அன்புடன்,
பெரியப்பா