வெளியே நிற்பவர் வாயைத் திறக்கட்டும்

ஓஸ் பிடித்து உள்ளே நிற்பவருக்குத் தீ தெரியும், பக்கத்துச் சுவர் தெரியாது. 2020 தீபாவளியையொட்டி மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போனவர்கள்மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். புதுக்கோட்டை கீழராஜவீதியில் தீயணைக்க இறங்கும் குழுவும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் அடிக்கும் தண்ணீரைத் துணிமூட்டை குடித்துக்கொண்டே இருக்கும். எரிந்து மெலிந்த உத்தரத்தில் பாரம் ஏறும். தீ அடங்கிவிட்டது என்று மூச்சு விடும் நேரத்தை நம்பாதீர்கள்.

ஒருவர் ஓஸைத் தொடாமல் வெளியே நிற்கட்டும். ஆள் பற்றாக்குறையில் இது ஆடம்பரமாகத் தோன்றும், ஆனாலும் வேண்டும். பம்ப் பார்ப்பவரிடம் இதையும் சுமத்தாதீர்கள், அவர் கண் பிரஷர் மீட்டரில் இருக்கும். விரிசல் அகலுகிறதா, சுவர் வயிறு தள்ளுகிறதா, காரை உதிர்கிறதா, உள்ளே அடித்த தண்ணீர் வெளியே வருகிறதா என்று வெளியே நிற்பவர் பார்க்க வேண்டும். வராத தண்ணீர் மேலே பாரமாக நிற்கிறது. ஷட்டர் இடுக்கில் புகை உள்ளே போய் வெளியே வந்தால் ஷட்டரைத் தூக்கக் கூடாது. சிலிண்டர் எத்தனை, எங்கே என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். 2017இல் சென்னை கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். வேடிக்கை பார்த்தவர்களும் கருகினார்கள்.

கண்டதைச் சொல்வதுதான் கடினம், அதுவும் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு. “சார், கொஞ்சம் பாருங்க” என்பது பம்ப் இரைச்சலில் கரைந்துவிடும். “வடக்குச் சுவர் தள்ளுது சார், எல்லாரும் வெளியே வாங்க!” இவ்வளவு போதும். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால், முன்பே பேசிவைத்த நீண்ட விசில். வெளியே வந்ததும் தலையெண்ணுங்கள்.

அழுத்திச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 1978இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள், அழுத்திச் சொல்லவில்லை. சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருந்த கேப்டன் காதில் அது ஏறவில்லை. நிலைய அலுவலர்களே, எச்சரிக்கை பொய்யாகிப் போனாலும் டீக்கடையில் அந்தப் பையனைக் கிண்டல் செய்ய விடாதீர்கள். அடுத்த முறை அவன் பேச மாட்டான்.

தைலமரக் காட்டுத் தீயில் சுவர் இல்லை, காற்று உண்டு. அது திரும்பினால் ஓட வேண்டிய திசையை, இறங்கும் முன்பே ஒவ்வொருவரும் கைகாட்டிச் சொல்லட்டும்.