நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கு, வேலை முடியுதா?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் கடைசி நாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, பக்கத்து நூலகத்தில் உண்டு என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். பெயர், முகவரி எல்லாம் நிரப்பியாச்சு. புகைப்படம் 50 கே.பி.க்குள் இருக்கணும் என்று தளம் நின்றுவிட்டது. என் படமோ 2 எம்.பி. அதை எப்படிச் சுருக்குவது என்று எனக்குத் தெரியவில்லை, அங்கே இருந்தவருக்கும் தெரியவில்லை. கையெழுத்தை ஸ்கேன் பண்ணலாம் என்று பார்த்தால் ஸ்கேனர் உறை போட்டு மூடிக் கிடந்தது. அரை மணி நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டியதாயிற்று. கடைசியில் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, 80 ரூபாய் கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பினேன்.

அந்த நூலகத்தின் பதிவேட்டில் 'கணினி வசதி: உண்டு' என்றுதான் இருக்கும். அது பொய்யும் இல்லை. எத்தனை கம்ப்யூட்டர் இருக்கு என்று எண்ணுவது சுலபம். அதில் உட்கார்ந்தவர் வந்த வேலையை முடித்துக்கொண்டு எழுந்தாரா என்று பார்ப்பதற்குத்தான் தரம் என்று ஒன்று வேண்டியிருக்கு.

தரம் என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கு. ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதத்தை இன்னோர் அலுவலகத்தில் திறந்தால் ஏதோ கிறுக்கல் மாதிரி தெரியும். 1999இல் தமிழ்99 விசைப்பலகையையும் 2010இல் யூனிகோடையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. இன்றைக்கு உங்கள் போனில் வரும் தமிழ்ச் செய்தியை யாருடைய போனிலும் படிக்க முடிகிறது என்றால், எல்லோரும் ஒரே முறையை ஏற்றதால்தான். நூலகக் கம்ப்யூட்டருக்கும் இப்படி ஓர் ஒப்புக்கொண்ட அளவு இருந்தால், எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் குறைந்தபட்சம் என்னென்ன கிடைக்கும் என்று நம்பிப் போகலாம்.

இதை அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் அங்கே வெளிவந்த ஓர் ஆய்வு, 14 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், அதாவது சுமார் 7.7 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் பொது நூலகத்தின் கம்ப்யூட்டரையோ இணைய இணைப்பையோ பயன்படுத்தியதாகச் சொன்னது. வசதியான நாட்டிலேயே இந்த நிலை. இவ்வளவு பேர் நம்பியிருக்கும் சேவை எப்படி இருக்கணும் என்று எழுதி வைக்க வேண்டாமா? நகர்ப்புற நூலக மன்றத்தின் தலைமையில், கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, பல நூலக அமைப்புகள் சேர்ந்து 'எட்ஜ்' என்ற பெயரில் 11 அளவுகோல்களை உருவாக்கின. 2014இல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அந்த 11 அளவுகோல்கள் மூன்று பகுதிகளாக இருக்கு. மக்களுக்கு என்ன பயன், ஊரோடும் முடிவெடுப்பவர்களோடும் நூலகத்துக்கு என்ன உறவு, உள்ளே நிர்வாகம் எப்படி. சாதனங்களும் இணைய வேகமும் தேவைக்குப் போதுமா என்பது மூன்றாவது பகுதியில்தான் வருகிறது. முதல் பகுதியிலேயே கேட்பது வேறு: கற்றுக்கொடுக்க ஏற்பாடு உண்டா? வேலை தேடல், அரசு சேவை, படிப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்குத் தேவையானது கிடைக்கிறதா? எனக்கு இந்த வரிசைதான் பிடித்தது. என் 80 ரூபாய்க்குக் காரணம் மெஷின் இல்லாதது அல்ல, சொல்லித்தர ஆள் இல்லாதது.

மதிப்பெண் போடுவது வெளியிலிருந்து வரும் அதிகாரி இல்லை, நூலகமே. எங்கே குறை என்று தானே பார்த்து, அதை உள்ளாட்சியிடம் கொண்டுபோய் "இதற்கு நிதி தாருங்கள்" என்று கேட்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் கை கொஞ்சம் தாராளமாகத்தானே போகும்? அதனால் வாசகர் சொல்லும் கருத்தும் சேர்ந்தால்தான் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு.

இனி, தரத்தில் கட்டாயம் இருக்க வேண்டியதாக நான் நினைக்கும் ஒன்று: நீங்கள் எழுந்து போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் உங்களுடையது எதுவும் மிஞ்சக் கூடாது. இ-ஆதார் பதிவிறக்கினால் அந்தக் கோப்பு 'டவுன்லோட்ஸ்' பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கடவுச்சொல் இருக்கே என்று நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருவில் உங்களைத் தெரிந்தவர் யாரும் அதை ஊகித்துவிடலாம். ஒவ்வொருவர் முடித்த பிறகும் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும் மென்பொருள்கள் இருக்கு. அது போட்டிருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. இல்லையென்றால் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, பிரவுசரின் வரலாற்றையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எட்ஜின் பதினொன்றாவது அளவுகோல் மாற்றுத்திறனாளிகளுக்கானது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளுக்கு விலையே இல்லை, தமிழையும் வாசிக்கும். ஒரு ஹெட்போன் வாங்கினால் போதும். செலவு காரணமாக இது நிற்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டா என்று சிலர் தயங்குவார்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் நூலகம் உங்களுக்கும் உரியதுதான்.

அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன வேலையோடு போங்கள். ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதாக இருக்கலாம், ஒரு படத்தை 50 கே.பி.க்குச் சுருக்குவதாகவும் இருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், தமிழில் தட்டச்சு செய்ய முடிந்ததா, உதவி கேட்டபோது யாராவது வந்தார்களா, பிரிண்ட் எடுக்க வெளியே போக வேண்டியிருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'இணையம் மெதுவாக உள்ளது' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'செவ்வாய் காலை 11 மணிக்கு விண்ணப்பப் பக்கம் திறக்கவே 6 நிமிடம் ஆனது' என்று எழுதினால் நூலகர் அதை மேலே அனுப்ப முடியும். பெரும்பாலான நூலகர்களுக்கு அந்தக் குறை ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கும், கையில் எழுத்தில் ஆதாரம் இருக்காது, அவ்வளவுதான். உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் இதை அங்கே பேசுங்கள். நாலு பேர் ஒரே குறையைத் தேதி போட்டு எழுதிக்கொடுத்தால், மாவட்ட நூலக அலுவலரின் மேசையில் அது தனியாகத் தெரியும்.