கணவருக்கு மாற்றல் ஆணை, மனைவியின் வேலைக்கு?

கேமரன் மலையில் திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊரான கோலா தெர்லா. என் பாட்டி இந்த மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். தாத்தா தோட்டம் மாறும்போதெல்லாம் பாட்டியும் மூட்டை கட்டினார். போன இடத்தில் தாத்தாவுக்கு வேலை காத்திருக்கும். பாட்டியோ புது ஆளாகப் பெயர் பதிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். "கை பழசுதான்யா, செக்ரோல்லதான் எப்பவும் புதுசு" என்று சொல்லிச் சிரிப்பார்.

படித்துப் பட்டயம் பெற்ற என் அக்காவுக்கும் இதே கதைதான் நடந்தது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அக்கா ஒரு தாதி. பேராக்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தார். கடற்படையில் இருக்கும் அத்தானுக்கு லூமுட் தளத்திலிருந்து சபாவின் செப்பாங்கார் தளத்திற்கு மாற்றல் வந்தது. அக்கா உடனே வேலையை விட்டார். "தாதிக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். சபாவில் அவர் ஒன்றரை ஆண்டு வேலையின்றி இருந்தார். எங்கே தவறினோம்? மாற்றல் வரும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும்.

முதல் கேள்வி: தகுதிச் சான்றிதழ் கூடவே வருமா? அமெரிக்காவில் தாதியர், ஆசிரியர் போன்றோருக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் தருகிறது. இராணுவத்தினரின் மனைவியர் மாநிலம் மாறும்போதெல்லாம் இதனால் அவதிப்பட்டனர். 2023 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், பழைய மாநிலத்து உரிமத்தைப் புதிய மாநிலமும் ஏற்க வேண்டும் என்று பெரும்பாலான தொழில்களுக்கு வழி செய்தது. நம் நாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் நாடு முழுமைக்கும் ஒரே தாதியர் வாரியம்தான். ஆனால் பணி செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. வேலை இல்லாத காலத்திலும் அதைக் காலாவதியாக விடக் கூடாது.

இரண்டாவது கேள்வி: அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா? இதைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை. 1963இல் சபாவும் சரவாக்கும் மலேசியாவில் இணைந்தபோது, குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. தீபகற்ப மலேசியர் சபாவில் தனியார் வேலை செய்ய வேண்டுமானால் அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். அரசுப் பணியின் பொருட்டுச் செல்பவருக்கு விதிவிலக்கு உண்டு. ஆக, அத்தான் ஆணையோடு போனார். அதே விமானத்தில் போன அக்காவுக்கு, முதலில் வேலை தர ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். அதன் பிறகு அனுமதி கிடைக்க வேண்டும். இந்தச் சிரமம் எதற்கு என்று உள்ளூர்த் தாதியையே எடுத்துக்கொள்ளும் முதலாளியை நாம் குறை சொல்லவும் முடியாது.

மூன்றாவது கேள்வி: சேவைக்காலம் தொடருமா? இந்தியாவில், மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிப்பு தடைபடக் கூடாது என்று 1963இல் தொடங்கப்பட்டவையே இன்றைய கேந்திரிய வித்யாலயா பள்ளிகள். எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். மனைவியின் வேலைக்கு இப்படி ஏதும் உண்டா? நம் நாட்டில் அரசு ஊழியருக்கு ஓரளவு உண்டு. துணைவருடன் செல்லச் சம்பளமில்லா விடுப்புக் கோரலாம். ஆசிரியர் இடமாற்றத்திற்கு விண்ணப்பிக்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் விடுப்பில் போகிறவருக்குத் திரும்பி வர ஒரு பதவி இருக்கிறது. விலகியவருக்கு அது இல்லை.

பாட்டியும் அக்காவும் இழந்தது இதைத்தான். இடம் மாறியதால் திறமை குறையவில்லை. பதவி விலகியதால் அனுபவம் கணக்கிலிருந்து அழிந்தது. ஆகவே தனியார் துறையில் இருப்பவர், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், விலகல் கடிதம் எழுதுமுன் நீண்ட விடுப்பையோ வேறு கிளைக்கு மாற்றலையோ எழுத்துமூலம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயுதப்படைக் குடும்பங்களுக்கான பாக்காட் நலக் கழகத்தில், முன்பே அங்கு போய் வந்த மனைவியர் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுமதிப் பத்திரம் பற்றி எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இப்போது அத்தான் குவாந்தானில் இருக்கிறார். அக்காவுக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது, தொடக்கச் சம்பளத்தில். அவருக்கு மேற்பார்வையாளராக இருப்பவர் அவரைவிட மூன்று வயது இளையவர். "வேலை கிடைச்சதே போதும்" என்கிறார் அக்கா. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஆள் எடுக்கும் நாற்காலியில் அமர்வோம். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் ஒன்றரை ஆண்டு வெற்றிடம் தெரிந்தால், தள்ளி வைக்குமுன் காரணத்தைக் கேட்போம். அந்தக் கை பழைய கை என்பதை மறவாதிருப்போம்.