கமக்காரரின் சுவாசமும் உடல்நலமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்



சுவாசத் தொகுதியின் பகுதிகளைப் பெயரிடுமாறு கேட்டால் உங்களிற் பலர் முழுப்புள்ளி பெறுவீர்கள். அந்த அறிவை ஒரு கமக்காரரின் அன்றாட வேலையுடன் தொடர்புபடுத்துமாறு கேட்கும்போதுதான் தடுமாற்றம் ஏற்படுகிறது. உங்கள் வீட்டில் வயல், தோட்ட வேலை செய்வோர் இருப்பின் இது பரீட்சைக்கு மட்டுமுரிய பாடமன்று.

1. தூசினால் ஏற்படும் பாதிப்பு

சூடு மிதிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் உமித்தூசு, மண்தூசு, பங்கசு வித்திகள் என்பன காற்றிற் கலக்கின்றன. பெரிய துணிக்கைகளை மூக்கிலுள்ள மயிர்களும் சீதமும் தடுக்கின்றன. வாதனாளியில் உள்ள பிசிர்கள், சீதத்தில் ஒட்டிய தூசை மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஆனால் ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் இத்தடைகளைக் கடந்து சிற்றறைகளை அடையக்கூடியன. அங்கு பிசிர்கள் இல்லை.

ஈரத்துடன் குவிக்கப்பட்ட வைக்கோலும் தானியமும் உட்புறம் வெப்பமடைவதால் பங்கசுகளும் பற்றீரியாக்களும் பெருகும். இவற்றின் தூசைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பவருக்கு 'விவசாயி நுரையீரல்' என்னும் ஒவ்வாமை நோய் ஏற்படலாம். வேலை முடிந்து 4 – 8 மணித்தியாலங்களின் பின் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தோன்றும். தாமதித்துத் தோன்றுவதால் பலர் இதனைச் சாதாரண தடிமன் என நினைத்துவிடுகின்றனர். தொடர்ந்தால் நுரையீரல் நிரந்தரமாகச் சேதமடையலாம்.

தடுப்பு: நன்கு உலர்த்திய பின் களஞ்சியப்படுத்தல், காற்றோட்டம், முகத்தில் இறுகப் பொருந்தும் தூசுக் கவசம்.

2. பீடைநாசினியினால் ஏற்படும் பாதிப்பு

பீடைநாசினி உடலினுட் செல்லும் வழிகள் மூன்று: சுவாசம், தோல், வாய்.

சிற்றறைச் சுவர் ஒற்றைக் கலப்படையால் ஆனது. சூழக் குருதி மயிர்க்குழாய்கள் உள்ளன. ஒட்சிசன் விரைவாகப் பரவுவதற்கு உதவும் இதே அமைப்பு, நச்சு ஆவிக்கும் வழிவிடுகிறது.

ஒகனோபொசுபரசு வகைப் பூச்சிநாசினிகள், நரம்புக் கணத்தாக்கத்தை முடித்துவைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றன. இதனால் அதிக வியர்வை, உமிழ்நீர், கண்ணீர், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சிறுக்கம் என்பன ஏற்படும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நுரையீரலைக் கடுமையாகச் சேதப்படுத்தும் பராகுவாட் என்னும் களைநாசினி 2008 முதல் படிப்படியாக நீக்கப்பட்டது.

3. வழக்கமும் திருத்தமும்

• முகத்தில் துவாய் கட்டுதல்: துணி ஆவியைத் தடுக்காது, நனைந்தால் நஞ்சை மூக்கருகிலேயே வைத்திருக்கும். காபன் வடிகட்டியுள்ள சுவாசக் கவசமே ஏற்றது.
• நண்பகலில் மருந்தடித்தல்: வெப்பத்தில் ஆவியாதல் கூடும். காற்றுக் குறைந்த காலையில் அல்லது மாலையில் தெளிக்க வேண்டும். காற்றை எதிர்த்து நடக்கக் கூடாது.
• அடைபட்ட தெளிகருவி முனையை வாயால் ஊதுதல்: நஞ்சு நேரடியாக வாயினுட் செல்லும். நீரினாலும் மெல்லிய தூரிகையாலும் சுத்திகரிக்க வேண்டும்.
• அதே உடையுடன் வீட்டுக்கு வருதல்: பிள்ளைகளுக்கும் நஞ்சு பரவும். குளித்து உடை மாற்றி, அவ்வுடையைப் புறம்பாகத் துவைக்க வேண்டும்.

4. எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து காயங்களூடாகப் பற்றீரியா உட்செல்கிறது. காயங்களை மூடிக்கொண்டே வயலில் இறங்க வேண்டும். தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்கலாம். காய்ச்சலும் தசைநோவும் ஏற்பட்டால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

5. மாதிரி வினா

தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் தலைச்சுற்று, வாந்தி, மூச்சிறுக்கத்துடன் வரம்பில் அமர்ந்துவிட்டார். நீங்கள் செய்யவேண்டிய நான்கு செயல்களை எழுதுக.

விடை:
(i) தூய காற்றுள்ள இடத்துக்கு அகற்றல்.
(ii) கையுறை அணிந்து, நனைந்த உடையைக் களைந்து, தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல்.
(iii) 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்தல். வாந்தி எடுக்கச் செய்யாதிருத்தல்.
(iv) மருந்துப் போத்தலை லேபலுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல்.

குறிப்பு: "வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல்" என மட்டும் எழுதுவது போதாது. எந்த நஞ்சு என அறிந்தாலே வைத்தியர் பொருத்தமான மாற்றுமருந்தை விரைவாகத் தெரிவுசெய்வார்.

செயற்பாடு

வீட்டிலுள்ள பீடைநாசினிப் போத்தலைத் திறக்காமல், பெரியவர் ஒருவரின் முன்னிலையில் அதன் லேபலை வாசியுங்கள். கலக்கும் அளவு, அணியவேண்டிய பாதுகாப்பு உடை, முதலுதவி, தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய எழுத்தை வாசிக்கச் சிரமப்படும் அப்பாவுக்கோ அம்மப்பாவுக்கோ அதனை வாசித்துக் காட்டுங்கள். இப்பாடத்தின் முதற்பயன் அதுவே.