குரங்குக் காய்ச்சல்: ஆய்வாளரும் உழவரும்

முதுமலைக் காட்டின் நடுவே உள்ள தெப்பக்காட்டிலும், அடுத்துள்ள மசினகுடி, கூடலூர் பகுதிகளிலும் காடும் மாடும் மக்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்தவை. இத்தகைய இடங்களில் மனிதர் நலம், கால்நடை நலம், வனவிலங்கு நலம் என்று பிரித்துக் காண இயலாது. இதற்குச் சான்று குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் வன நோயாகும்.

நோயைக் கண்டறிந்த விதம்

1957ஆம் ஆண்டு சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. அதே சமயம் சுற்றுப்புறச் சிற்றூர்களில் மக்கள் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் பல துறையினரையும் ஒன்று சேர்த்தனர். மருத்துவர்கள் நோயாளிகளின் இரத்தத்தையும், விலங்கியலார் குரங்குகளையும், பூச்சியியலார் உண்ணிகளையும் ஆராய்ந்தனர். வலசை வரும் பறவைகள் நோயைக் கொணர்ந்தனவோ என்ற ஐயத்தால் பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் ஆய்வில் பங்கேற்றார். பயறில் மஞ்சள் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புவது போல, இந்நோயின் நச்சுயிரியைக் காட்டு உண்ணி பரப்புகிறது என்பது தெளிவாயிற்று.

மாடும் உண்ணியும்

இந்நோயால் மாடுகள் நலிவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் இரத்தத்தை உண்டு பெருகுகின்றன. காடு திருத்துவதும், காட்டில் மாடு மேய்ப்பதும் உண்ணியை ஊரருகே கொண்டுவருகின்றன என்று போஷல் என்ற ஆய்வாளர் 1969இல் விளக்கினார். காட்டுக்குச் செல்வோர், மாடு பராமரிப்போர், வீட்டருகே சருகு குவிப்போர் ஆகியோருக்கு நோய் மிகுதி என்பது 2011-12இல் சிமோகாவில் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

2012ஆம் ஆண்டின் இறுதியில், தெப்பக்காட்டை அடுத்த பந்திப்பூரில், இறந்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர் சிலருக்கு இந்நோய் கண்டது. ஆகவே நம் பகுதியும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

உழவர் கவனத்திற்கு

1. டிசம்பர் முதல் மே வரை இளம் உண்ணிகள் மிகுந்திருக்கும். அப்போது காட்டுக்குச் செல்வோர் உடலை மூடும் ஆடை அணிந்து, உண்ணி விரட்டி எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, ஆடைகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

2. காட்டுச் சருகைத் தொழுவத்திலோ வீட்டருகிலோ குவிக்கலாகாது.

3. மாட்டின் உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை இடுதல் நலம்.

4. இறந்த குரங்கைத் தொடாமல் உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும்.

5. உண்ணி கடித்த 3 முதல் 8 நாட்களில் திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, தசைவலி கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். இந்நோய்க்கெனத் தனி மருந்து இல்லை. நோயுற்றோரில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்க நேரிடுவதால் காலந்தாழ்த்துதல் ஆபத்து. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. எனவே நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை.

மருத்துவர், கால்நடை மருத்துவர், வனத்துறையினர், பூச்சியியலார் அனைவரும் கூடினாலும், காட்டில் குரங்கு மடிவதை முதலில் காண்பவர் அங்கு மாடு மேய்ப்பவரே. அவர் தரும் ஒரு செய்தி பல உயிர்களைக் காக்கும்.