துணிபோல் ஒரு தாள்

சிலாங்கூர் மாநிலத்தின் தெற்கே அமைந்துள்ள சிப்பாங் பந்தயத் தடத்தில் 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஃபார்முலா ஒன் மகிழுந்துப் பந்தயம் நடைபெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்கூட 2005ஆம் ஆண்டில் இத்தடத்தில் மகிழுந்தைச் செலுத்தியிருக்கிறார். அந்தப் பந்தயம் இப்போது இங்கு நடைபெறுவதில்லை. ஆனால், கிள்ளானை அடுத்த மேருவில் வாழும் ஒரு மாணவன் தன் படிப்பு மேசைமேல் அத்தகைய மகிழுந்தைச் சிறிய அளவில் கட்டியெழுப்ப இன்றும் தடையில்லை. உறுப்புகளைப் பசையிட்டு இணைப்பதும் சாயம் தெளிப்பதும் அவனுக்கு விரைவில் கைவந்துவிடும். அவன் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே கரிம இழை ஒட்டுப்படம்.

பந்தய மகிழுந்தில் கரிம இழை வெறும் அழகுக்காக இடம்பெறவில்லை. 1981ஆம் ஆண்டு வரை ஃபார்முலா ஒன் மகிழுந்துகளின் உடற்கூடு பெரும்பாலும் அலுமினியத் தகடுகளால் ஆனது. அவ்வாண்டில் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 மகிழுந்தே கரிம இழை உடற்கூட்டுடன் களமிறங்கிய முதல் ஃபார்முலா ஒன் மகிழுந்து. விபத்து நேர்ந்தால் அது நொறுங்கிப் போகும் என ஐயுற்றவர் பலர். அதே ஆண்டு இத்தாலியின் மொன்சா தடத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய அம்மகிழுந்து தடுப்பில் மோதி, இயந்திரப் பகுதி தனியே பிய்ந்து போனது. ஓட்டுநரோ காயமின்றி எழுந்து நடந்தார். அதன்பின் ஐயம் அடங்கியது. பிற குழுக்களும் கரிம இழைக்கு மாறின.

தலைமுடியைவிட மெல்லிய கரிம இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து நாடாவாக்கி, அந்நாடாக்களைப் பாவும் ஊடுமாக நெய்கின்றனர். அத்துணியைப் பிசினில் தோய்த்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகச் செய்கின்றனர். ஆகவே, கருமையாக மினுங்கும் அந்தக் கட்டங்கள் வரைந்த கோலம் அல்ல, நெசவு. ஓர் இழைநாடா இரண்டின் மேலும் இரண்டின் கீழும் சென்றால் சாய்வான கோடுகள் தோன்றும். ஒன்றுவிட்டு ஒன்றாகச் சென்றால் பாய் முடைந்தாற்போல் சதுரங்கள் தோன்றும். உண்மையான துணியில் ஒரு நாடாவின் அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதனை 1/20 அளவுக்குச் சுருக்கினால் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காகவே ஒட்டுப்படங்களில் நெசவைச் சற்றுப் பெரிதாக அச்சிடுகின்றனர். இது பொய்தான் எனினும் தேவையான பொய்.

ஒட்டுப்படம் என்பது நீரில் கரையும் பசை பூசிய தாளின்மீது படிந்திருக்கும் மெல்லிய படலம். கடைகளில் இதனை ‘டீகல்’ என்று கேட்டால் கிடைக்கும். கையளவு தாளில் தவறாக ஒரு துண்டை வெட்டிவிட்டால் அந்த இடம் போனதுதான். ஆதலால், தையற்காரர் துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் அளவு எடுப்பதுபோல், இங்கும் அளவு எடுத்த பின்பே வெட்ட வேண்டும். சாயம் தெளிக்கும்போது ஓரம் மறைக்கப் பயன்படும் ஒட்டுநாடாவை உறுப்பின்மீது ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தினால் வடிவம் பதியும். நாடாவை உரித்துச் சாதாரணக் காகிதத்தில் ஒட்டி வெட்டியெடுத்தால் அச்சு தயார். அதன்மேல் மகிழுந்தின் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றை வரைந்துவிட வேண்டும்.

அந்த அம்புக்குறியைச் சிறு செய்தி எனத் தள்ளிவிடலாகாது. தொடக்கநிலையாளர் பலர் தாளை மிச்சப்படுத்த எண்ணி, துண்டுகளைக் கிடைத்த இடத்தில் கிடைத்த திசையில் வெட்டிவிடுவர். ஒட்டி முடித்ததும் ஒரு பக்கம் நெசவு முன்னோக்கிச் சாயும்; மறுபக்கம் குறுக்கே ஓடும். சாய்வு நெசவில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அமைய வேண்டுமானால், அச்சைக் குப்புறப் புரட்டி, தாளையும் கால் வட்டம் திருப்பி வெட்ட வேண்டும்.

ஒட்டும் பரப்பு கருமையாகவும் பளபளப்பாகவும் இருப்பது நல்லது. சொரசொரப்பான பரப்பில் காற்று தங்கி, படலத்தின் அடியில் வெண்புள்ளிகள் தோன்றும். வெட்டிய துண்டை வெதுவெதுப்பான நீரில் சில வினாடிகள் நனைத்து எடுத்து, ஈரத்தாளின்மேல் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். படலம் தானாக நழுவத் தொடங்கிய பின்பே, நீர் தடவிய உறுப்பின்மீது அதனைத் தள்ளிச் சேர்க்க வேண்டும், பிடித்து இழுக்கக்கூடாது. பிறகு, ஈரமான பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரையும் காற்றையும் வெளியேற்றலாம்.

வளைவான இடத்தில்தான் மனம் கலங்கும். படலத்தை மென்மையாக்கும் திரவத்தைத் தடவியதும் அது சுருங்கிச் சுருங்கி, பாழாகிவிட்டதுபோல் தோன்றும். அப்போது விரல் வைத்தால் கிழிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால், உலர உலரப் படலம் தானே இறுகிப் படியும். இரு திசையிலும் வளையும் உறுப்பில் இதுவும் போதாது. தட்டையான துணி தோளில் படிவதற்காக ரவிக்கையில் மடிப்புப் பிடிக்கிறார்கள் அல்லவா? அதைப்போல் ஓரத்தில் சிறு முக்கோணமாகக் கீறி, இரு விளிம்புகளையும் சேர்த்தால் மடிப்பு விழாது. மீந்து நிற்கும் ஓரத்தை நன்றாக உலர்ந்த பிறகு புதிய கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டும்போது விரல் கத்தியின் பாதையில் இருத்தல் கூடாது.

ஒரு நாள் உலரவிட்டு, மேலே நிறமற்ற பூச்சைப் பனிபோல் மெல்லியதாகத் தெளிக்கலாம். முதல் தெளிப்பே கனமாக இருந்தால் அதிலுள்ள கரைப்பான் படலத்தை அரித்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை வழக்கமானது. காற்றில் ஈரம் மிகுந்த வேளையில் தெளித்தால், பூச்சு புகை படிந்தாற்போல் வெளுத்துப் போகலாம். மழையில்லாத நாளில் வெயில் ஏறிய முற்பகலே இதற்கு ஏற்றது. சன்னலைத் திறந்து, முகக்கவரி அணிந்து, அடுப்பு எரியாத இடத்தில் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் நாளே மகிழுந்தில் செய்து பார்க்க வேண்டியதில்லை. கருஞ்சாயம் தெளித்த நெகிழிக் கரண்டி ஒன்று போதும். அதன் முதுகு இரு திசையிலும் வளைந்தது. வெட்டி மீந்த துண்டுகளை ஒட்டிப் பழக அதைவிடக் கடினமான இடம் மகிழுந்தில் அதிகம் இராது. கரண்டியில் நெசவு மடிப்பின்றிப் படிந்த பிறகு, தட்டையான பின்சிறகுத் தகட்டிலிருந்து தொடங்கலாம்.