சந்தை விழும் மாதத்திலும் நிற்காத தவணை

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873 புள்ளிகளில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று அது 8,510. பத்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை, நூறு ரூபாய் நாற்பத்தோரு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. பிறகு 2010 நவம்பர் 5, தீபாவளி முகூர்த்த வணிகத்தில் சென்செக்ஸ் 21,005-ல் முடிந்து, பழைய உச்சத்தைத் தாண்டியது. உச்சத்தில் மொத்தமாகப் பணம் போட்டவருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, டிவிடெண்டைத் தவிர்த்துப் பார்த்தால், போட்ட முதல்தான் திரும்பக் கிடைத்தது.

அதே ஜனவரியில் மாதம் ஒரு தொகை என்று தொடங்கி, இடையில் ஒரு மாதமும் நிறுத்தாதவரின் கணக்கு வேறு. 2008 நவம்பர் முதல் 2009 மார்ச் வரை சந்தை 9,000, 10,000 என்று கிடந்தபோது அவர் போட்ட தவணைகள், அந்தத் தீபாவளிக்குள் இரண்டு மடங்காகவோ அதற்கு மேலோ ஆகியிருந்தன. அவருக்கு லாபம் கொடுத்தது தொடங்கிய தேதி அல்ல. எல்லோரும் பயந்துபோயிருந்த அந்த ஐந்தாறு மாதங்கள். எஸ்.ஐ.பி. என்ற இந்த மாதத் தவணை முறையில் மியூச்சுவல் ஃபண்டில் சேமிக்க நினைப்பவர் முதலில் மனதில் வாங்க வேண்டிய விஷயம் இது. எந்த ஃபண்ட், எந்த ஆப் என்ற கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். சந்தை விழும்போது தவணையை நிறுத்த வேண்டிய நெருக்கடி வராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதே இதில் பாதி வேலை.

ஒரு சிறு கணக்கு. மாதம் 5,000 ரூபாய். ஒரு யூனிட்டின் விலை, அதாவது என்.ஏ.வி., முதல் மாதம் 50 ரூபாய், அடுத்து 40, பிறகு 25, மறுபடி 40, ஐந்தாவது மாதம் 50. வாங்கிய யூனிட்டுகள் முறையே 100, 125, 200, 125, 100. மொத்தம் 650. போட்டது 25,000 ரூபாய். ஐந்தாம் மாத மதிப்பு 32,500 ரூபாய். விலை தொடங்கிய இடத்துக்குத்தான் திரும்பியிருக்கிறது, ஆனாலும் 7,500 ரூபாய் லாபம். மூன்றாம் மாதம் பயந்து நிறுத்தியிருந்தால் அந்த 200 யூனிட்டுகள் கைக்கு வந்தே இருக்காது.

இதை மந்திரமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தை இடைவிடாமல் ஏறிக்கொண்டே போனால், மொத்தமாகப் போட்டவர்தான் அதிகம் சம்பாதிப்பார். சம்பளம் மாதாமாதம் வருவதால் முதலீடும் மாதாமாதம் போகிறது, அவ்வளவுதான். நீண்ட காலம் காத்திருந்தாலே போதும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட 38,915 என்ற உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். அதனால் ஒரு குடும்பத்தின் எல்லாச் சேமிப்பும் பங்கு சார்ந்த ஃபண்டுகளில் இருக்கக் கூடாது. பி.எஃப்., அஞ்சலகச் சேமிப்பு, டெபாசிட் ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மாதத் தவணை புதிதல்ல. ஏலச்சீட்டு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம், அஞ்சலக ஆர்.டி. என்று தலைமுறையாகக் கட்டி வருகிறார்கள். மியூச்சுவல் ஃபண்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு: 1993-ல் தனியார் துறையின் முதல் ஃபண்ட் நிறுவனமாகத் தொடங்கிய கோத்தாரி பயனியர் சென்னையைச் சேர்ந்தது. ஆனால் சீட்டுக்கும் எஸ்.ஐ.பி.க்கும் ஒரு பெரிய வேறுபாடு. சீட்டுப் பணம் கட்டத் தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார். எஸ்.ஐ.பி.யை ஃபோனில் நாலு தட்டு தட்டி நிறுத்திவிடலாம், ஏன் என்று கேட்க யாரும் இல்லை. அந்தச் சுலபம்தான் ஆபத்து.

ஆகவே முதல் வேலை ஃபண்ட் வாங்குவதல்ல. வீட்டுச் செலவு மாதம் 25,000 ரூபாய் என்றால், ஆறு மாதத்துக்கு 1.5 லட்சம் ரூபாயை வங்கி டெபாசிட்டிலோ சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ தனியாக வைக்க வேண்டும். வேலை போனாலும் மருத்துவமனைச் செலவு வந்தாலும் கை அங்கேதான் போக வேண்டும், எஸ்.ஐ.பி. பக்கம் அல்ல. குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு தேவை. சம்பாதிப்பவர் பெயரில் ஆண்டு வருமானத்தைப் போல் பத்துப் பதினைந்து மடங்குக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் தேவை. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. அதை ஈடுகட்டும் வருமானத்தை எந்த ஃபண்டும் உறுதியாகத் தர முடியாது.

அடுத்து, எவ்வளவு போடுவது? பெரும்பாலானோர் சம்பளம் வந்த நாளின் உற்சாகத்தில் தொகையை முடிவு செய்கிறார்கள். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகும், தீபாவளிச் செலவுக்குப் பிறகும் சிரமமில்லாமல் கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுவே சரியான தொகை. 10,000 என்று தொடங்கி எட்டாம் மாதம் நிறுத்துவதைவிட 3,000 என்று தொடங்கி இருபது ஆண்டு ஓட்டுவது மேல். பல ஃபண்டுகளில் 500 ரூபாயிலேயே தொடங்க முடியும்.

இலக்கிலிருந்து பின்னோக்கியும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்று 10 லட்சம் ரூபாய் ஆகும் ஒரு கல்லூரிப் படிப்பு, கட்டணம் ஆண்டுக்கு 8 சதவிகிதம் ஏறினால், 15 ஆண்டில் சுமார் 31.7 லட்சம் ஆகும். ஆண்டுக்கு 10 சதவிகித வருமானம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மாதம் ஏறக்குறைய 7,600 ரூபாய் வேண்டும். இந்த 10 சதவிகிதம் ஓர் அனுமானம் மட்டுமே, வாக்குறுதி அல்ல. விளம்பரங்களில் 15 சதவிகிதம் என்று போட்டுக் காட்டும் கணக்குகளை நம்பித் திட்டமிட்டால், பிள்ளை கல்லூரிக்குப் போகும் ஆண்டில் பணம் குறையும்.

அதே 10 சதவிகிதத்தில் மாதம் 5,000 ரூபாய், பத்து ஆண்டில் சுமார் 10.3 லட்சம், இருபது ஆண்டில் 38.3 லட்சம், முப்பது ஆண்டில் 1.14 கோடி. போட்ட பணம் முறையே 6, 12, 18 லட்சம். கடைசிப் பத்து ஆண்டில் மட்டும் முக்கால் கோடிக்கு மேல் சேர்கிறது. இருபத்தைந்து வயதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

கூடவே கசப்பான ஓர் எண்ணையும் சொல்லியாக வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து வரும் 38.3 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய 12 லட்சத்துக்குச் சமம். சம்பளம் உயர உயரத் தவணையும் உயராவிட்டால், பெரிய தொகை என்று நினைத்துச் சேர்த்தது சிறிய தொகையாக வந்து நிற்கும். இதற்காகவே ‘ஸ்டெப்-அப்’ வசதி இருக்கிறது. தவணையை ஆண்டுதோறும் 10 சதவிகிதம் கூட்டிக்கொண்டே போனால், அதே இருபது ஆண்டில் சுமார் 80 லட்சம் ரூபாய் சேரும். இதற்குப் போடும் பணமும் அதிகம்தான், ஏறக்குறைய 34 லட்சம். கடைசி ஆண்டில் மாதத் தவணை 30,000 ரூபாயைத் தாண்டும். சம்பள உயர்வு வரும் மாதத்திலேயே தவணையையும் உயர்த்திவிட்டால், அந்தப் பணம் செலவுக்குப் பழகுவதற்கு முன்பே முதலீட்டுக்குப் போய்விடும்.

இனி ஃபண்ட் தேர்வு. இங்கேதான் பலர் மாதக்கணக்கில் தயங்கி நிற்கிறார்கள், அவ்வளவு தயக்கம் தேவையில்லை. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017-ல் கொண்டுவந்த வகைப்படுத்தலின்படி, சந்தை மதிப்பில் முதல் 100 இடத்தில் உள்ள நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே உள்ளவை ஸ்மால் கேப். கீழே போகப் போக ஏற்றமும் இறக்கமும் கடுமை. புதிதாகத் தொடங்குபவருக்கு நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, விரும்பினால் கூடவே எல்லா அளவு நிறுவனங்களிலும் முதலிடும் ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட், இவை போதும். ஏழெட்டு ஃபண்டுகளை வைத்திருப்பவரின் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அதே வங்கிப் பங்குகளும் அதே ஐ.டி. பங்குகளுமே திரும்பத் திரும்ப இருக்கும். போன ஆண்டு 60 சதவிகிதம் ஏறிய ஃபண்டைப் பார்த்து ஸ்மால் கேப்பில் நுழைபவர்தான், அது 40 சதவிகிதம் விழும்போது முதலில் ஓடுபவரும்.

புதிய ஃபண்ட் வெளியீடுகளில் ‘யூனிட் பத்தே ரூபாய்’ என்று சொல்வார்கள். மலிவு என்று மயங்க வேண்டாம். 10 ரூபாய் யூனிட்டும் 500 ரூபாய் யூனிட்டும் ஒரே பங்குகளை வைத்திருந்தால், அந்தப் பங்குகள் 10 சதவிகிதம் ஏறும்போது இரண்டும் 10 சதவிகிதமே ஏறும். எண்ணிக்கையில் அதிக யூனிட் கிடைப்பதால் எந்த லாபமும் இல்லை.

விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, குரோத் ஆப்ஷனைத் தேர்ந்தெடுப்பது. அவ்வப்போது பணம் பிரித்துத் தரும் ஆப்ஷனில் கூட்டுவட்டியின் பலன் உடைந்துபோகும். மற்றொன்று, டைரக்ட் பிளானா ரெகுலர் பிளானா என்பது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் டைரக்ட் பிளான் உண்டு. அதில் விநியோகஸ்தர் கமிஷன் கிடையாது. செலவு வேறுபாடு ஆண்டுக்கு 1 சதவிகிதம் என்று கொண்டால், மாதம் 5,000 ரூபாய்க்கு இருபது ஆண்டில் 38.3 லட்சத்துக்குப் பதில் ரெகுலர் பிளானில் 33.6 லட்சம்தான் வரும். இருந்தாலும் ரெகுலர் பிளான் எல்லோருக்கும் தவறு என்று சொல்லிவிட முடியாது. சந்தை சரிந்த 2020 மார்ச் போன்ற ஒரு மாதத்தில் ஃபோன் செய்து “நிறுத்தாதீங்க சார், இப்பதான் போடணும்” என்று பிடித்து வைக்கும் நல்ல விநியோகஸ்தர், வாங்கும் கமிஷனைவிட அதிகமாகவே சம்பாதித்துக் கொடுக்கிறார். விற்ற பிறகு கண்ணிலேயே படாதவருக்குக் கமிஷன் எதற்கு என்பதுதான் கேள்வி.

காகித வேலை எளிது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, ஃபோன் எண் இருந்தால் கே.ஒய்.சி.யை ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகத் தொடங்கலாம். நேரில் போய்க் கேட்க நினைப்பவர்களுக்கு, பல ஃபண்டுகளின் பதிவாளரான, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் நிறுவனத்தின் சேவை மையங்கள் பல ஊர்களில் உண்டு. வங்கிக்குத் தரும் தானியங்கிப் பற்று அனுமதியில், அதாவது மேண்டேட்டில், உச்சவரம்பை இன்றைய தவணையைவிட மூன்று நான்கு மடங்காக வைத்தால், பின்னால் தவணையைக் கூட்டும்போது மறுபடி அனுமதி வாங்க வேண்டியதில்லை. பணம் பிடிக்கும் தேதி சம்பளம் வந்த மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ இருக்கட்டும். 5-ஆம் தேதி நல்லதா 25-ஆம் தேதி நல்லதா என்ற ஆராய்ச்சியால் இருபது ஆண்டில் பெரிதாக எதுவும் மாறாது. கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். மாத எஸ்.ஐ.பி. தொடர்ந்து மூன்று முறை தவறினால் ரத்தாகிவிடும்.

பிறகு சோதனை வரும். 2020 ஜனவரி நடுவில் 12,362-ல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் சுமார் 13 சதவிகிதம் விழுந்து 7,610-க்கு வந்தது. அந்த நாட்களில் ஊரடங்கு, வேலை பயம், தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்து. நவம்பருக்குள் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு சரிவும் இத்தனை சீக்கிரம் மீளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2008-க்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு தேவைப்பட்டது. ஆறு மாதச் செலவுப் பணம் தனியாக இருப்பவர் அந்த மூன்று ஆண்டையும் தாக்குப்பிடிப்பார். உண்மையிலேயே வருமானம் நின்றுபோனால் எஸ்.ஐ.பி.யை ரத்து செய்யாமல் சில மாதங்களுக்கு ‘பாஸ்’ செய்யும் வசதியைப் பயன்படுத்தலாம், அதுவரை சேர்ந்த யூனிட்டுகளைத் தொடாமல்.

ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்தால் போதும். ஃபண்ட் எவ்வளவு ஏறியது என்பதைவிட, அதன் ஒப்பீட்டுக் குறியீட்டைவிட முன்னா பின்னா என்பதுதான் பார்க்க வேண்டியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பின்தங்கினால் புதிய தவணைகளை வேறு ஃபண்டுக்கு மாற்றலாம். இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையும் இல்லை.

வெளியே வருவதற்கும் ஒரு திட்டம் வேண்டும், பல வழிகாட்டிகள் இதைச் சொல்லாமலே விடுகின்றன. பதினைந்து ஆண்டு சேர்ந்த 30 லட்சம், கட்டணம் கட்ட வேண்டிய ஆண்டில் 35 சதவிகிதம் விழுந்தால், அந்த நேரத்தில் மாதத் தவணை எந்த உதவியும் செய்யாது. எனவே இலக்குக்கு மூன்று ஆண்டு முன்பிருந்தே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு ஃபண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் எஸ்.டி.பி. வழியாகப் பாதுகாப்பான கடன்பத்திர ஃபண்டுக்கோ, யூனிட்டுகளை விற்று டெபாசிட்டுக்கோ நகர்த்த வேண்டும். விற்கும்போது வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, பங்கு சார்ந்த ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவிகிதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவிகிதம். ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஓராண்டு தனித்தனியாக எண்ணப்படும். மூன்று நிதியாண்டுகளில் பிரித்து எடுத்தால் அந்த 1.25 லட்ச விலக்கை மூன்று முறை பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இத்தனை ஆண்டு உழைப்பும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் பயனில்லை. ஒவ்வொரு ஃபோலியோவிலும் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா ஃபண்டுகளும் ஒரே தாளில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை அச்செடுத்து, மனைவியோ கணவரோ, வளர்ந்த பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எந்தத் தொகை எதற்காக, எப்போது எடுக்க வேண்டும் என்று பேனாவால் எழுதி, காப்பீட்டுப் பத்திரங்கள் இருக்கும் அதே ஃபைலில் வைக்க வேண்டும்.